ஓரத்துச் சீட்டு

என் மச்சானுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. சீட்டாட்டத்தில் அவரை ஜெயிக்கவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை.

எத்தனை லட்சத்துக்கு ஆடினாய் என்று கேட்பீர்கள். புளியங்கொட்டைக்கு... வெறும் புளியங்கொட்டைக்கு. லட்சத்துக்கு ஆடியிருந்தால்கூட உங்களிடம் சொல்ல ஒரு காரணம் இருந்திருக்கும்.

பெர்னார் என் மனைவி தெரேசின் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் பிரான்சில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அவரும் எதிர்வீட்டு நண்பர்கள் இருவரும் போக்கர் ஆடுவோம். ராணுவ முகாமில் கற்றுக்கொண்டு வந்து எங்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

"எவ்ளோ வேணா வெக்கலாம்னா அது சூதாட்டம் மாப்ள. அளவு கட்டி ஆடினாத்தான் எவனுக்கு மூள இருக்குன்னு தெரியும்," என்பார். முதல் இரண்டு சுற்றுகளில் இரண்டிரண்டு கொட்டை, பின்னிரண்டில் நான்கு நான்கு. அதனால் யாரையும் மிரட்டி விரட்ட முடியாது. எப்போது கட்டுவது, எப்போது கட்டாமல் மேசையைத் தட்டிவிட்டுச் சும்மா இருப்பது, அடுத்தவன் கட்டியதற்கு எப்போது ஈடு வைத்துக் கூடவே போவது... ஆட்டம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

இதில் அவரை அசைக்க முடியாது. வருடக்கணக்காகத் தோற்றேன். தோற்பதுகூடப் பரவாயில்லை. "மெர்சி, மாப்ள" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கொட்டைகளை வாரிக்கொண்டு, "பேங்க்ல எப்படிய்யா உன்ன வேலைக்கு வெச்சிருந்தாங்க?" என்பார். தெரேஸ் சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும். அறுபதைத் தாண்டியவனுக்கு இதெல்லாம் ஒரு எரிச்சலா? நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். எரியத்தான் செய்தது.

அன்று குருத்தோலை ஞாயிறு, ஈஸ்டருக்கு முந்தின வாரம். எல்லோருக்கும் பொதுவாக மேசையில் வரிசையாகப் போடும் ஐந்து சீட்டுகளில் மூன்று ஆர்ட்டின், சிவப்பு இதயம் போட்டவை. மூன்றாவது ஆர்ட்டின் கடைசியாக, ஓரத்தில் வந்து விழுந்தது. என் கையில் இரண்டு ஆர்ட்டின் இருந்தன. ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்துவிட்டது. இப்படி மூன்று விழுந்தால் மச்சான் உஷாராகிவிடுவார்; கட்டமாட்டார், தட்டுவார். அன்று கட்டினார். நான் ஏற்றினேன், அவர் அதற்கும் மேலே ஏற்றினார். மூன்று ராஜாவைப் பெருமையாகக் காட்டினார். நான் அதை வெல்லும் என் சீட்டைக் காட்டியதும், தலையை முழுவதுமாகத் திருப்பி ஓரத்தைப் பார்த்தார்.

"அட, டைமண்டுன்னுல்ல நெனச்சேன்..."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பாவும் இப்படித்தான் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் அழுத்தம் ஏறி, முதலில் ஓரப் பார்வை போனது. பிறகு நடுவும் போனது. கடைசி வருடங்களில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வலிக்காது; போவது போகிறவருக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவன்தான் கவனித்துச் சொல்லவேண்டும். அதெல்லாம் எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது.

அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் நான் ஜெயித்தேன்.

அதன்பின் கணக்குப் போட்டே ஆடினேன். ஓரத்துச் சீட்டு எனக்குச் சாதகமாக விழுந்தால் கட்டுவேன்; ஆபத்தைப் பார்க்காமல் அவர் கூடவே வருவார். அவருக்குச் சாதகமாக விழுந்தால் தட்டிவிடுவேன். அதைக் கவனிக்காமல் அவரும் பெரும்பாலும் தட்டிவிடுவார். இதோடு நின்றிருந்தால், வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். நான் நிற்கவில்லை. சீட்டுப் போடும் முறை எனக்கு வந்தபோது வரிசையை அகலமாகப் பரப்பினேன். என் கையாலேயே பரப்பினேன்... இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிறு, பூசை முடிந்து தெருவைக் கடந்த மச்சான்மேல் பக்கவாட்டில் வந்த ஸ்கூட்டர் மோதியது. கை ஒடிந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர்கள் கண்ணையும் காட்டச் சொன்னார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

"போன பார்வை திரும்ப வராதுங்க. மிச்சத்த மருந்து விட்டுக் காப்பாத்தலாம்," என்றார் கண் டாக்டரம்மா. பிறகு என்னைப் பார்த்து, "கூட இருக்கறவங்க யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார்.

மச்சான் முந்திக்கொண்டார். "இவனுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே என்ன இழுத்தாந்திருப்பான் மேடம்."

எப்போது ஆரம்பித்தது என்று தெரிந்தால், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணித்து அதற்கேற்ப வைத்தியம் பார்க்கலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் மச்சான் கேட்டார்:

"எப்பலேர்ந்து மாப்ள? உனக்கு எதனா ஞாபகம் வருதா?"

குருத்தோலை ஞாயிறு... நாக்கு நுனிவரை வந்தது. "தெரியல மச்சான்," என்றேன்.

ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர் அதைக் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் மச்சான் என் பக்கம் திரும்புகிறார். சொன்னால் அவருக்கு நல்லது என்று தெரிகிறது. சொன்னால் அந்த முகத்தையும் தெரேசின் முகத்தையும் நான் எப்படிப் பார்ப்பேன்? அவர் கண்ணைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருக்கிறது. முன்பு புளியங்கொட்டை பெரிதாக இருந்தது போல.

ஞாயிறு ஆட்டம் நிற்கவில்லை. இப்போது ஐந்து சீட்டுகளையும் நெருக்கி, அவர் மூக்குக்கு நேராக வைக்கிறேன். பழையபடி ஜெயிக்கிறார். போன வாரம் ஆட்டம் முடிந்ததும், "பாத்தியா, கண்ணு போனாலும் மூள போவல," என்றார். தெரேஸ் சிரித்தாள். நான் தோற்ற கொட்டைகளை அவர் பக்கம் தள்ளினேன். கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டேன் போலிருக்கிறது. அவர் கை வெறும் மேசையைத் தடவித் தேடியது.

"இதோ மச்சான், இங்க இருக்கு," என்றேன்.

அதை மட்டும்தான் சொன்னேன்.