தண்ணீர் படாத குளியலறை

என் மருமகள் பெலிசியாவுக்குக் குளியலறைகளை அமைத்துக் கொடுப்பதுதான் தொழில். கொத்தனார் வேலையைக் கொத்தனார் செய்வார், ஆசாரி வேலையை ஆசாரி செய்வார். எது எங்கே இருக்க வேண்டும், என்ன நிறம், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்று சொல்வது இவள் வேலை. கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுக்கு ஆபீஸ். இதற்குக்கூடவா ஆள் வைப்பார்கள் என்று ஆரம்பத்தில் நான் சிரித்தேன். வைக்கிறார்களே!

அவள் பிறந்தது முதுநகரில், துறைமுகத்துப் பக்கம். வீட்டில் ஐந்து பெண்கள், தகரம் அடித்த ஒரே மறைப்பு, அதற்கு அரைக் கதவு. ஒருத்தி குளித்தால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்பாளாம். மூன்றாமவள் "வாடி வெளிய" என்று தகரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பாளாம். அதனால்தானோ என்னவோ, இவள் அமைக்கிற குளியலறைக்குள் நுழைந்தால், பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு கோவிலுக்குள் ஓர் அமைதி இருக்குமே, அப்படி இருக்கும். மணல் நிறத்தில் டைல்ஸ். கண்ணைக் குத்தாத விளக்கு. சோப்பு, சீயக்காய், எண்ணெய்ப் புட்டி எதுவும் வெளியே தெரியாமல் உள்ளே வைத்துக்கொள்ள, வெளிர் மர நிறத்தில் அலமாரிகள். "பொம்பளைக்குக் கதவ சாத்திக்கிட்டு நிம்மதியா நிக்க வீட்டுல வேற எங்க எடம் இருக்கு அத்தை?" என்பாள்.

போன ஆவணியில் சிதம்பரத்தில் ஒரு வேலை வந்தது. உரக்கடை வைத்திருக்கிற ஞானசேகரன் வீடு. மனைவி கொளஞ்சியம்மாள். ஒரே மகள் அருள்மொழி, தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். வளைகாப்புக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்குள் குளியலறை முடிய வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அலமாரிக்குத் தண்ணீர் தாங்குகிற பிளைவுட் சொல்லி வைத்திருந்தாள். சொன்ன நாளில் சரக்கு வரவில்லை. வளைகாப்பு நெருங்கிவிட்டது. ஆசாரி செபாஸ்டின் தன் பட்டறையில் கிடந்த சாதாரண பிளைவுட்டைக் காட்டினானாம்.

"இத அடிச்சி மேல மைக்கா ஒட்டிட்டா, உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப் போவுது?"

"தண்ணி பட்டா உப்பிக்குமேண்ணே."

"படாம பாத்துக்கச் சொல்லு. அப்புறமா மாத்திக்கலாம்."

இவளும் சரி என்றுவிட்டாள். வேலை முடிந்து ஒப்படைக்கும்போது, "இது ஒசத்தி மரம் சார், மேல தண்ணி தெறிக்காம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். வளைகாப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று அந்தக் குளியலறையைப் பார்த்தார்களாம். படம் எடுத்தார்களாம். அதைப் பார்த்து நெய்வேலியிலிருந்துகூட இவளைக் கேட்டு போன் வந்தது. மாற்ற வேண்டும் என்ற நினைப்பு நாளாக ஆகப் பின்னால் போய்விட்டது.

கார்த்திகையில் அருள்மொழிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் பெலிசியாவும் பஸ் ஏறினோம். காலையிலிருந்தே தூறல்.

ஞானசேகரன் வாசலுக்கே வந்தார். "வாங்க இன்ஜினியரம்மா! மொதல்ல வந்து பாருங்க, நீங்க குடுத்தா மாதிரியே வெச்சிருக்கேன்." கையோடு எங்களைக் குளியலறைக்குக் கூட்டிப்போனார். உண்மைதான். தரை காய்ந்து கிடந்தது. அலமாரிமேல் ஒரு துண்டை விரித்துப் போட்டிருந்தார். வாளி இல்லை, குவளை இல்லை.

"குளிக்கிறது எங்க சார்?" என்றாள் பெலிசியா.

"அதுக்குப் பின்னாடி எடம் இருக்கே."

பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. கிணற்றோரம் இரண்டு பக்கம் தகரத்தைச் சாத்தி, ஒரு பக்கம் சேலையைக் கட்டியிருந்தார்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு உயரத்திலிருந்து வெந்நீர் ஊற்ற வேண்டும் அல்லவா? கொளஞ்சியம்மாள் நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை மகளின் இடுப்பில் சொம்பு சொம்பாக அடித்து ஊற்றிக்கொண்டிருந்தார். பலகையில் உட்கார்ந்திருந்த அருள்மொழிக்கு முதுகில் வெந்நீர், தலையில் மழைத் தூறல். பல் கிட்டித்துப்போய் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இங்க? உள்ள ஊத்தக்கூடாதா?" என்று கேட்டாள் பெலிசியா.

"உள்ள ஊத்துனா சொவரெல்லாம் தெறிக்கும். ஒசத்தி மரம், தண்ணி படக்கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன? அவுரு எங்கள உள்ளயே வுடமாட்டன்றாரு. நாலு பேரு வந்து பாக்குற எடம் பாரு." சொல்லிவிட்டு அடுத்த சொம்பை மொண்டார். "செத்த தள்ளி நில்லு, ஒம்மேல தெறிக்கப் போவுது."

பெலிசியா தள்ளி நின்றாள். குழந்தையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கவில்லை. காப்பி கொடுத்தார்கள், ஆறிப்போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பேச்செடுத்தேன். "அவுங்களே ஒண்ணும் கேக்கல. நீயா போயி வாயக் குடுக்காத. கொஞ்ச நாள்ல பிள்ளைக்காரி புருஷன் வீட்டுக்குப் போயிடுவா."

"அவ நடுங்குனா அத்தை."

"மழைக்காலத்துல எல்லாருந்தான் நடுங்குறோம்."

வீட்டுக்கு வந்தும் அவள் பழையபடி இல்லை. குளிக்கப் போனால் வெந்நீரைக் கொண்டுபோய்ப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, வெந்நீரை அப்படியே வைத்துவிட்டு வருவாள். என்னடி இது என்று கேட்டால், மறந்துட்டேன் என்பாள். அப்படி யார் மறப்பார்கள்?

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு மாதா கோவிலுக்குப் போனாள். சரி, பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிவிட்டால் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும் என்று நானும் நினைத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தாள். வரிசையில் நின்றாளாம், அவள் முறை வரும்போது விலகி வந்துவிட்டாளாம்.

"சாமியாருக்குத் தெரிஞ்சி என்ன ஆவப்போவுது? தெரிய வேண்டியவங்க சிதம்பரத்துல இருக்காங்க."

"நெய்வேலி வேலையும் போயிடும்டி."

"போவட்டும்."

மறுநாள் திருப்பலி முடிந்ததும் செபாஸ்டினை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். தனியே விட எனக்கு மனசு வரவில்லை, நானும் போனேன்.

ஞானசேகரன் ஏதோ வேடிக்கையாகச் சொல்லி வரவேற்றார். இவள் உட்காரவே இல்லை.

"சார், அது ஒசத்தி மரம் இல்ல. தண்ணி தாங்காத பலகை. நல்ல பலகை வரல, கெடச்சத வெச்சி அடிச்சிட்டேன். அது வெளிய தெரியக்கூடாதுன்னுதான் தண்ணி படக்கூடாதுன்னு சொன்னேன்."

அவர் போய் அந்த அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே தடவிப் பார்த்தார். பலகைக்காக அவர் கோபப்படவில்லை.

"எம்பொண்ண மழையில ஒக்கார வெச்சனே. உள்ள ஊத்துறேன்னு இவ சொன்னப்பல்லாம் நான் சத்தம் போட்டனே."

"இப்ப சொல்லி என்ன ஆவப்போவுது?" கொளஞ்சியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார். "துண்டு போத்தி வெச்சிருந்தீங்களே அலமாரிக்கு. பொண்ணுக்கு ஒரு கொடை புடிச்சீங்களா?"

செபாஸ்டின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெலிசியாதான் அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, முதல் திருகாணியைத் தானே கழற்றினாள். மதியத்துக்குள் அலமாரி எல்லாம் வெளியே வந்துவிட்டது. சுவரில் ஓட்டைகள் மட்டும் இருந்தன. கொளஞ்சியம்மாள் அங்கேயே பலகையைப் போட்டு, மகளை உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே சுவரெல்லாம் தண்ணீர் அறைகிற சத்தம் கேட்டது. வெந்நீர் அண்டாவை அடுப்பிலிருந்து தூக்கிப்போய்க் கொடுத்துவிட்டு வந்த பெலிசியாவின் முகம் தெளிந்திருக்கும் என்று பார்த்தேன். தெளியவில்லை.

சும்மா இருந்திருக்கலாம் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்கிறேன். அவள் கேட்பதில்லை.

தை பிறந்ததும் சொல்லி வைத்திருந்த நல்ல பிளைவுட்டிலேயே புது அலமாரி செய்து கொண்டுபோய் மாட்டினாள். அதே வெளிர் நிறம், அதே அமைதி. முடித்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஞானசேகரன் வாளி நிறையத் தண்ணீரை மொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அலமாரிமேல் வீசி ஊற்றினார். தண்ணீர் வழிந்து இவள் பாதம் வரைக்கும் வந்தது.

"உப்புதா இல்லியான்னு நாளைக்கும் வந்து பாரு," என்றார்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்கே அவள் கிளம்பிவிட்டாள்.