நெற்றி தெரியும் குல்லா

மஹாதேவனுக்குக் குளிரும் ஆகாது, நெற்றி மறைவதும் ஆகாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கல்கத்தாவில் ரயில்வே உத்தியோகம் பார்ப்பது லேசான காரியம் இல்லை. காளி பூஜை முடிந்ததோ இல்லையோ, நெற்றி, காது, கழுத்து எல்லாம் மூடி முகத்தை மட்டும் காட்டும் மங்கி கேப்புக்குள் ஊரே புகுந்துகொள்ளும். மஹாதேவன் மட்டும் நெற்றி நிறைய விபூதியும் ஓயாத தும்மலுமாகக் கார்டன் ரீச் ஆபீசுக்குப் போய் வருவார். குல்லா போட்டால் விபூதி மறைந்துவிடுமாம். சிவனுக்கு மங்கி கேப்புக்குள் எட்டிப் பார்க்கத் தெரியாதா என்று பாகீரதி கேட்டுப் பார்த்தாள். பலன் இல்லை.

பாகீரதி கல்கத்தாவில் தமிழர்கள் கூடி வாழும் லேக் மார்க்கெட் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காளம் சரளமாக வரும். பள்ளிக்கூடத் தோழிகளோடு மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்து கம்பளி பின்னக் கற்றவள். கல்யாணமான முதல் குளிர்காலத்திலேயே கணவரின் பிடிவாதத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். மங்கி கேப்பை அவள் கழுத்தில் தொடங்கி உச்சியில் முடிப்பாள். முகத்துக்கு விடும் திறப்பைப் புருவத்தோடு நிறுத்தாமல் முன்மயிர் வரைக்கும் ஏற்றிவிட்டாள். அதற்கு மேலே உச்சியில் கொஞ்சூண்டு பின்னல், அவ்வளவுதான். பார்க்க என்னவோ போலத்தான் இருந்தது. ஆபீசில் கேலி செய்தார்கள். மஹாதேவன் காதைக் கதகதப்பாக மூடிக்கொண்டு, மூன்று பட்டையும் பளிச்சென்று தெரிய, ராஜா மாதிரி நடந்து போனார். குல்லா நைந்துபோனால் பாகீரதி அதைப் பிரித்து, கொஞ்சம் புது நூல் சேர்த்து மறுபடி பின்னுவாள். அதே பழுப்பு, அதே அளவு. வீட்டில் எப்போதும் அப்படி ஒரு குல்லாதான் இருந்தது.

ஓய்வு பெற்றபின் கல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனில் மகன் ஜெயந்தின் ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். போன ஜனவரியில் ஒரு காலையில் மஹாதேவன் போய்விட்டார். அந்த வீட்டில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வண்டி கிளம்பும் நேரத்தில் பாகீரதி குல்லாவை ஜெயந்தின் கையில் திணித்தாள்.

"அங்க கங்கைக் காத்து அடிக்கும்டா. அவருக்குத் தாங்காது. கடைசி வரைக்கும் தலையில இருக்கட்டும்."

ஈர வேஷ்டியோடு திரும்பி வந்தவனிடம் அவள் முதலில் கேட்டது அதைத்தான். போட்டுவிட்டேன் என்றான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வருஷத்தை ஓட்டினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், போனதுதான் போனார், குல்லாவோடு குளிராமல் போனார் என்று சொல்லுவாள். அப்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் ஜெயந்த் தலையைக் குனிந்துகொள்வான். அப்பாமேல் எவ்வளவு பாசம் என்று அவளுக்கு நெஞ்சு நிறையும்.

முதல் திவசம் முடிந்த சில நாளில் அவர்கள் குடியிருப்பில் துப்பி உத்சவ் வந்தது. தொப்பிக்கு வங்காளத்தில் துப்பி. அன்றைய வெயிலுக்கு மின்விசிறி போட்டால்கூடத் தப்பில்லை. ஆனாலும் சின்னது பெரியது எல்லாம் தலையில் கம்பளியோடு மேடையில் ஊர்வலம் வந்தன. கயிறு கயிறாகக் கையால் பின்னிய குல்லாக்கள் தொங்கின. டார்ஜீலிங்கிலிருந்து வந்த ஒரு பெண் ஆட்டு ரோமத்தைத் தக்களியில் நூற்றுக் காட்டினாள். ஒரு மூலையில் பழைய கம்பளியைப் பிரிக்கும் மேஜை. வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கிய பழசைப் பிரித்து, நடைபாதையில் படுப்பவர்களுக்குப் புதுக் குல்லா பின்னுவதாக ஏற்பாடு. விழாவை நடத்தும் ஷுக்லாதி, "மாஷிமா, நீங்கள் வந்தே ஆகவேண்டும்" என்று சித்தி முறை சொல்லி பாகீரதியைக் கையோடு அழைத்துப் போய் உட்காரவைத்தாள்.

வேலை சுலபம்தான். எதிரே இருந்த பெண்கள் உச்சி முடிச்சை அவிழ்த்து, துணியைக் கூடைக்குள் போட்டு, நூலின் முனையை மட்டும் நீட்டுவார்கள். பாகீரதி உருண்டையாகச் சுற்றவேண்டும். அதற்குக் கண் வேண்டாம். அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழுப்பு நூல் ஒன்று கைக்கு வந்தது. கல்கத்தாவில் பாதிக் குல்லா பழுப்புத்தான். நூல் சுற்றிச் சுற்றித் தடையில்லாமல் ஓடி வந்தது. மங்கி கேப்பில் முகத்திறப்பு வந்துவிட்டால் நூல் அப்படி ஓடாது. ஓரத்துக்கு ஓரம் முட்டித் திரும்பும், ஒவ்வொரு திருப்பத்திலும் விரலை வெட்டி இழுக்கும். அதற்குள் எலுமிச்சை அளவு உருண்டையாவது சேர்ந்திருக்கும். இது நெல்லிக்காய் அளவிலேயே வெட்டி இழுக்கத் தொடங்கியது. யார் இவ்வளவு சின்ன உச்சி பின்னினது என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் கை நின்றுவிட்டது.

குனிந்து கூடையைப் பார்த்தாள். அவருடைய குல்லாதான்.

முந்தின நாள் மருமகள் மாதவி பரண் பெட்டியிலிருந்து பழைய கம்பளியை அள்ளிப் பையில் போட்டு விழாவுக்குக் கொடுத்திருந்தாள். சுருண்டு கிடந்ததையெல்லாம் அவள் விரித்துப் பார்த்திருக்க மாட்டாள். ஜெயந்த்தான் இதைப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருக்க வேண்டும். தலையில் எதுவும் கூடாது என்று காரியம் செய்துவைத்த வாத்தியார் சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் அந்த அவசரத்தில் பிள்ளைக்கு மறந்தே போயிருக்கும். வீட்டுக்கு வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல வாய் வந்திருக்காது. எப்படியோ, அவர் வெறுந்தலையோடுதான் போயிருக்கிறார். ஆற்றங்கரைக் குளிரில் காது இரண்டும் விறைக்கப் போயிருக்கிறார்.

பாகீரதிக்கு அழுகை வந்தது. கம்பளித் தூசி கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து ஷுக்லாதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மிச்சத்தை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். அவருடைய வாசனை இல்லை, அந்துருண்டை நாற்றம்தான் இருந்தது. நூலை அறுத்து இதைப் புடவைக்குள் மறைத்து எடுத்துப் போனால் என்ன என்று ஆசையாக இருந்தது. ஆனால் வீட்டில் எதை மறைக்க முடியும்? மாதவி கண்ணில் படும், ஜெயந்துக்குத் தெரியும். அம்மாவுக்காக ஒரு வருஷமாக ஒரு பொய்யைச் சுமந்துகொண்டிருக்கிறான் பாவி. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அப்புறம் அவள் முகத்தில் விழிக்க மாட்டான்.

குல்லாவைக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டுச் சுற்றத் தொடங்கினாள். இந்தத் தடவை பார்த்துக்கொண்டே சுற்றினாள். நெற்றி போயிற்று. காதுப்பக்கம் போயிற்று. கழுத்து வந்ததும் நூல் மறுபடி தடையில்லாமல் ஓடியது. அவள் முதன்முதலாகப் போட்ட முடிச்சு கடைசியாக அவிழ்ந்தது. உருண்டையை மற்ற உருண்டைகளோடு வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவற்றில் எது அது என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் ஜெயந்த் கூட்டிப்போக வந்தான். அடுத்த பிளாக்கில் இருக்கும் லதா திவசத்துக்கு வர முடியவில்லை என்று வருத்தப்பட்டாள். ஆறுதலாக எதையாவது சொல்லவேண்டுமே என்று, "நீங்கதான் சொல்வேளே மாமி, மாமா குல்லாவோட போனார்னு. அந்தக் கொடுப்பினை யாருக்குக் கெடைக்கும்?" என்றாள்.

"ஆமா. இவன்தான் போட்டுவிட்டான்" என்றாள் பாகீரதி. "காது மூடறாப்பல நன்னா இழுத்துப் போட்டுவிட்டான்."

ஜெயந்த் தலையைக் குனிந்துகொண்டான். பாகீரதி கையில் ஒட்டியிருந்த பழுப்புத் தும்பைப் புடவையில் துடைத்துவிட்டு, அந்தக் கையை அவன் தலைமேல் வைத்தாள்.