முடிச்சூர் சாலையில் ஒரு டோக்கன் பலகை

1998 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மேற்குத் தாம்பரத்துக்குக் கூட்டிப் போனேன். பூட்டிப்போன போல்ட் கம்பெனியின் பழைய ஆட்கள், குவார்ட்டர்ஸில் ஓர் அறையைக் கம்பெனி ஞாபகங்களுக்காக ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேள்வி. அம்மா மும்தாஜ் அங்கே பதினாறு வருஷம் கேன்டீனில் டீ போட்டு, மிஷின் மிஷினாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர். கான்ட்ராக்ட் ஆள் என்பதால் டோக்கன் கிடையாது. "எம் பேரு எங்கனா ஒரு மூலையில கீதான்னு பாத்துட்டு வந்துடலாம்" என்றார். சும்மா சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் பெருநாள் புடவையைக் கட்டியிருந்தார்.

காலை 9.10க்கு சைதாப்பேட்டையில் மின்சார ரயில். ஆளுக்கு ஐந்து ரூபாய், நாற்பது நிமிடம். தாம்பரத்தில் ஆட்டோக்காரர் முடிச்சூர் சாலைக்கு நாற்பது கேட்டார். நாலு கிலோமீட்டருக்கு நாற்பதா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பதுக்கு இறங்கி வந்தவர், வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

அறையில் முதலில் கண்ணில் படுவது டோக்கன் பலகை. வேலைக்கு வந்ததும் எண் போட்ட பித்தளை வில்லையை அதில் மாட்ட வேண்டும், அதுதான் வருகைப்பதிவு. உள்ளே ஒருவரை ஒருவர் அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். பலகையைக் காயலான் கடையிலிருந்து மீட்டுவிட்டார்கள், பெயர்ப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. எந்த எண் யாருடையது என்று நாலைந்து பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் மேனேஜர் போட்டோ இருந்தது, லாரி போட்டோகூட இருந்தது. கேன்டீன் மட்டும் எங்கேயும் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அறையைப் பார்த்துக்கொள்ளும் மாணிக்கம், பழைய ஃபிட்டர், "உன்ன எங்கியோ பாத்துகீறேனேக்கா" என்றார்.

அம்மா பலகையைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ எம்பத்தெட்டு. சக்கரை கம்மி. தொண்ணூத்தொண்ணு லேத்து வேலு, டீயைத் தொட மாட்டான், பால்தான். நூத்திநாலு ஆரோக்கியசாமி. ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டு ஒண்ணுன்னுவான்."

சண்டை நின்றது. மாணிக்கம் நோட்டும் பேனாவும் தேடி எடுத்தார். ஒன்றரை மணி நேரம் அம்மா சொல்லச் சொல்ல எழுதினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"உனுக்கும் ஒரு வில்லை அடிச்சிடலாம்க்கா. இன்னா நம்பர் வேணும்?" என்றார் மாணிக்கம்.

"நம்பர நீங்களே வெச்சுக்கங்க. எனக்குப் பேரப் போடு."

போகிறவர்களுக்கு: ஞாயிறு பத்திலிருந்து ஒரு மணி வரைதான் திறந்திருக்கும். கட்டணம் இல்லை. ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு அறை வைப்பதாக இருந்தால், டீ கொடுத்தவரை முதலில் கூப்பிடுங்கள், பாதி வேலை மிச்சம்.

பலகையில் கடைசி வரிசை, வலது ஓரம் பாருங்கள். எண் இல்லாத வில்லை ஒன்றுதான் இருக்கும். மும்தாஜ் என்று அடித்திருக்கும்.