தூக்குப்போசியில் போன முட்டை

அடிவாரத்துக் காரவள்ளி வெயில் தாங்காது என்று தம்பி தான் வளர்த்த ‘ஆக்ஸலாட்டில்’ என்ற நீர்ப்பிராணி ஜோடியை மலைமேல் எங்கள் வீட்டுத் தொட்டியில் விட்டுப் போனான். பார்க்கக் கால் முளைத்த மீன் மாதிரி இருக்கும். குளிர் ஒத்துக்கொண்டதோ என்னவோ, தொட்டிச் செடியெல்லாம் முட்டையாக ஒட்டிவைத்தன.

“முட்டைய ஓடையில விட்றாதக்கா, பரவிரும். ஃப்ரீசர்ல வெச்சுக் கொன்னுரு” என்று போனில் சுலபமாகச் சொன்னான். மனசு கேட்கவில்லை. மிஞ்சிய பலாச்சுளையைக் கொடுப்பதுபோல், தூக்குப்போசியில் கொஞ்சம் முட்டையைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வளர்க்கக் கொடுத்தேன். போசி திரும்பவில்லை, வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் தருவது இங்கே வழக்கமில்லை. மிச்ச முட்டையில் பொரிந்த குஞ்சுகளுக்கு இரை தேடியே ஓய்ந்துபோனேன்.

இந்த வருஷம் மறுபடியும் முட்டையிட்டபோது மனதைக் கல்லாக்கிக்கொண்டு முட்டை முழுவதையும் ஃப்ரீசரில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வாசலில் அந்த அக்கா என் போசியோடு நின்றார்.

“எங்க ஊட்லயும் முட்டை போட்டிருச்சு கண்ணு. வெறும் போசியாவா குடுக்கறது?”