வேலை வாங்கித் தர்றேன் என்றேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒடுகத்தூரில் ஒரு தையல் பயிற்சி நிலையத்தில் ஆசிரியையாக இருந்தேன். வேலை என்று ஏமாற்றப்பட்டுப் பம்பாயில் விற்கப்பட்டு, மீட்கப்பட்டு ஊர் திரும்பியிருந்த காளியம்மாவைப் பயிற்சியில் சேர்க்க நெல்லிவாசல் பக்கம் மலையேறிப் போனேன்.

கொடுவாளோடு வாசலை மறித்து நின்றாள். “இன்னாத்துக்கு வந்த?”

“எங்கூட வாம்மா. தையல் கத்துத் தர்றேன், வேலையும் வாங்கித் தர்றேன்.”

காறித் துப்பினாள். “பம்பாய்க்குக் கூட்டிட்டுப் போனவளும் இதையேதான் சொன்னா. உன்ன மாதிரியே சொன்னா. போய்டு!”

“நன்றிகெட்டவளே, இங்கேயே கிட!” என்று கத்திவிட்டு இறங்கினேன். பாதி வழியில்தான் உறைத்தது. அவளை விற்றவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? திரும்பவும் ஏறினேன்.

“நீ வர வேணாம். உங்க அண்ணன் வந்து எங்க எடத்தைப் பார்க்கட்டும்.”

கதவை அறைந்து சாத்தினாள்.

இரண்டு வாரத்தில் அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் அவளே வந்தாள். வாசலோர மெஷின்தான் வேண்டும், கதவைச் சாத்தவே கூடாது என்றாள். ஒரு வருடத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பயிற்சியின் கடைசி நாள்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அது எனக்கு வெகுநாள் வலித்தது. என்னை நம்பாமலிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்று புரிய மேலும் சில வருடங்கள் ஆயின.