கியர் பெட்டிக்குப் பக்கத்தில் அப்பா

பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொன்னால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே படம்தான். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து இறங்கி வரும் ஓர் ஆறு, கரையில் குடிசை, குடிசைக்கு ஒரு தென்னை. ஓசூரில் இருந்துகொண்டு ஐந்தாம் வகுப்பு வரை இதையே வரைந்து தள்ளினேன். எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரிவது கம்பெனி பஸ்ஸும் தண்ணீர்த் தொட்டியும்தான். அதையெல்லாம் வரையலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, டீச்சருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பழக்கத்தைக் கெடுத்தவள் ஷமீம். பாகலூர் ரோட்டுப் பக்கம் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. அவளுடைய அத்தா சந்தையில் வெங்காய வியாபாரம் செய்தார். அவள் வேறு பள்ளிக்கூடம், என்னைவிட ஒரே ஒரு வகுப்பு மேலே. அந்த ஒரு வகுப்புக்கு அவள் பண்ணிய அலட்டல் இருக்கிறதே, சொல்லி மாளாது. ஒருநாள் சாயங்காலம் வந்து, தன் டிராயிங் டீச்சர் புதிதாக ஒன்று சொல்லிக் கொடுத்திருப்பதாக அறிவித்தாள்.

"எதை வரையிறியோ அதையே பாத்துக்கினு இருக்கணும். கண்ணு பேப்பர்ல போவக்கூடாது. பென்சிலத் தூக்கவும் கூடாது. ஓரத்த மட்டும் புடிச்சிக்கினே போ, எறும்பு ஊர்ற மாதிரி."

"தூக்கிட்டா?"

"தூக்கினா ஒரு குட்டு."

குட்டு அந்த டீச்சர் சொன்னதாக இருக்காது. அது ஷமீமின் சொந்தச் சேர்க்கை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

முதல் வாரம் நான் வரைந்த குடம் கால் முளைத்த பூசணிக்காயாக வந்தது. ஷமீமின் அண்ணன் சைக்கிளுக்குக் காற்றடிப்பதை வரைந்தேன். அண்ணன் எது, பம்பு எது என்று அண்ணனுக்கே தெரியவில்லை. தலை வீங்கியதுதான் மிச்சம். ஆனால் நாள் போகப்போக ஒன்று பிடிபட்டது. சொம்பின் வாய் வட்டம் என்று எனக்குத் தெரியும். ஜன்னலில் வைத்த சொம்பை எறும்பு மாதிரி ஊர்ந்து பார்த்தால் அது வட்டமாகவே இல்லை. மூடப்போகிற கண் மாதிரி ஒடுங்கி இருந்தது. தெரிந்ததை வரையாதே, இருப்பதை வரை என்று இப்போது யாராவது சொன்னால் பெரிய தத்துவம் மாதிரி இருக்கும். எனக்கு அது குட்டு வாங்கி வாங்கி வந்த ஞானம்.

அப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே கோட்டில் சுற்றி வளைத்தேன். அம்மா கீரை ஆய்வது, எருமை அசை போடுவது, குழாயடியில் பெண்கள் இடுப்பில் கை வைத்துச் சண்டை போடுவது. எங்கள் குழாயடிச் சண்டை தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் சூடேறித் தெலுங்கில் முடியும். எனக்கு மொழி பிரச்சினை இல்லை. இடுப்பும் கையும் எல்லா மொழியிலும் ஒரே கோடுதான்.

இத்தனைக்கும் தாள் கொடுத்தவர் அப்பா. அவர் ஒரு மெஷின் கம்பெனியில் டிரேசராக இருந்தார். இன்ஜினியர்கள் பென்சிலால் போடும் படத்தின் மேல், அடியில் உள்ளது தெரிகிற மாதிரியான டிரேஸிங் தாளை விரித்து, மையால் அச்சு மாறாமல் வரைய வேண்டும். அந்தத் தாளுக்கு விளக்கு வெளிச்சம் காட்டி அம்மோனியா பிரிண்ட் எடுத்துப் பட்டறைக்கு அனுப்புவார்கள். பட்டறையில் அதைப் பார்த்துத்தான் இரும்பைக் கடைவார்கள். வேண்டாத பிரிண்டுகளை அப்பா சுருட்டி சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவருவார். எங்கள் நோட்டுகளுக்கெல்லாம் அதுதான் அட்டை. வகுப்பில் என் நோட்டைத் திறந்தாலே அம்மோனியா நெடி தாங்காமல் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொள்வாள். அட்டை போட்டது போக மிஞ்சியதன் பின்பக்கம் முழுக்க என் படங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கம்பெனி வேலையையே வீட்டுக்குக் கொண்டுவருவார். மதியம் சாப்பாடு முடிந்ததும் இன்ஜினியர் படத்தையும் தன் டிரேஸிங் தாளையும் எடுத்துக்கொண்டு உட்காருவார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தாளில் விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படிப்பாள். "இதுல நாப்பத்தெட்டு, அதுலயும் நாப்பத்தெட்டு. இதுல எம்பத்தி மூணு... ஏங்க, அதுல எம்பத்தெட்டுன்னு இருக்குதே?" அப்பா பிளேடால் மையைச் சுரண்டித் திருத்துவார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அம்மாவுக்கு அப்பா கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். அம்மாவும் மோசமில்லை, தப்பெல்லாம் கண்டுபிடிக்கிறாளே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நேரத்தில் நான் கிட்டே போனால் அம்மா விரட்டுவாள். "அதுல கை வச்சே, அப்பாவுக்கு வேல போயிரும். அப்புறம் காவேரிப்பட்டினம் போயி உங்க மாமன் மாட்டுக்குப் புல்லு அறுக்க வேண்டியதுதான்." விளையாட்டாகச் சொல்கிற முகம் இல்லை அது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கேடுகாலம் வந்தது. நல்ல தாளெல்லாம் தீர்ந்திருந்தது. டிரங்குப் பெட்டி மேல் ஒரு சுருள் இருந்தது. எப்போதும் வேண்டாத சுருளை வைக்கிற இடம். பிரித்தால் வழவழவென்று, வெண்ணெய் தடவின மாதிரி ஒரு தாள். ஒரு பக்கம் ஏதோ கியர் பெட்டிப் படம், ஓரத்தில் நிறைய காலி இடம். இவ்வளவு நல்ல தாளைப் போய்த் தூக்கிப் போடுகிறார்களே என்று கம்பெனிக்காரர்கள் மேல் இரக்கப்பட்டேன். அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சமையற்கட்டு நிலைப்படியில் உட்கார்ந்து, எதிரே இருந்த அப்பாவையும் அம்மாவையும் வரைந்தேன்.

கண்ணைத் தாளில் வைக்கவே இல்லை. அப்பாவின் தலையில் தொடங்கி, பனியன் தோளில் இறங்கி, கையோடு போனேன். அந்தக் கை போய்க்கொண்டே இருந்தது. தாளைப் பிடித்த கையை அவர் முழுசாக நீட்டியிருந்தார், தலையைப் பின்னால் சாய்த்திருந்தார், ஏதோ தாள் அவரைக் கடித்துவிடும் என்கிற மாதிரி. அப்புறம் தாளின் மேல் அம்மாவின் விரல், விரலிலிருந்து குனிந்த முதுகு, கொண்டை. ஒரே கோடு. பென்சிலைத் தூக்கவே இல்லை. அழுத்தி வரைந்ததில் கோடு கரேலென்று இருந்தது. அத்தனை நாளில் என் கைக்கு வந்த படங்களிலேயே அதுதான் படம். சுருட்டி, எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்தேன். காலையில் ஷமீமிடம் காட்டி அவள் வாயை அடைக்க வேண்டுமே!

காலையில் சுருளைக் காணோம்.

"அப்பா கம்பெனிக்கி எடுத்துக்கினு போயிட்டாரு," என்றாள் அம்மா. "அது முடிச்ச ஷீட்டு. இன்னிக்கிப் பிரிண்ட் போடணுமாம்."

ஷமீமிடம் ஓடினேன். பின்பக்கம்தானே வரைந்தேன், முன்பக்கம் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டேன். அவள் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைத் தூக்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்தாள். இரண்டு பக்கத்து எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தது.

"வெளிச்சம் காட்டித்தான பிரிண்ட் எடுப்பாங்க? அப்ப உங்கப்பாவும் வருவாரு," என்றாள். அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும், "சும்மா சொன்னேன் புள்ள, அழுவாத," என்று தோளைப் பிடித்தாள். அவள் பரிதாபப்பட்டதில்தான் எனக்கு நிலைமையின் தீவிரம் புரிந்தது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கு வேலை போய்விட்டது, நாங்கள் சாமான் சட்டியோடு காவேரிப்பட்டினம் பஸ்ஸில் ஏறுகிறோம், மாமா மாடுகளோடு எதிரே வந்து நிற்கிறார். இதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. கடவுளே, அந்த பிரிண்ட் மெஷின் மட்டும் இன்றைக்குக் கெட்டுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டு முனையில் திரும்பியபோது அப்பாவின் சைக்கிள் வாசலில் நின்றது. இருட்டின பிறகு வருகிற மனிதர் நாலரை மணிக்கே வந்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு. பேசாமல் ஷமீம் வீட்டுக்குள் நுழைந்து வெங்காய மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மூட்டை பேரில் பழியைப் போட வசதியாக இருந்தது.

அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. உள்ளே அப்பா ஒரு பிரிண்டைத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்திருந்தார். நடுவில் கியர் பெட்டி. அதன் பக்கத்தில், அளவுக் கோடுகளுக்கும் அம்புக்குறிகளுக்கும் நடுவே, பனியனும் லுங்கியுமாக அப்பா. பின்பக்கம் வரைந்ததால் வலது இடதாக மாறியிருந்தார், மற்றபடி அவரேதான்.

"நீதான வரஞ்ச?" என்றார் அப்பா.

தலையாட்டினேன். அப்பா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருமிக்கொண்டு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலை போனால் சிரிப்பார்களா?

நடந்ததை அவர் அம்மாவிடம் சொன்னார். ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருப்பார் போல, அம்மா அடுத்த வரியை முன்கூட்டியே எதிர்பார்த்துக் கேட்டாள். பட்டறையில் பிரிண்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஃபோர்மேன் அதை மேனேஜரிடம் கொண்டுபோயிருக்கிறார். மேனேஜர் பெங்களூர்க்காரர், அப்பாவைக் கூப்பிட்டனுப்பி, "யார்ரீ இது, பனியன் போட்டுக்கிட்டு?" என்றாராம். நான்தான் சார், வீட்டில் குழந்தை தெரியாமல் வரைந்துவிட்டது என்று அப்பா கை கட்டி நின்றாராம். மேனேஜர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். அப்புறம், "ஷீட்ட ஏன் இவ்ளோ தூரமா புடிச்சிருக்கீங்க? இந்தம்மா எதுக்கு வெரல் வச்சுப் படிக்கறாங்க?" என்று கேட்டாராம்.

அதற்கு மேல் அப்பாவால் மறைக்க முடியவில்லை. ஒன்றரை வருஷமாகக் கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை. கோடு கைப்பழக்கத்தில் வந்துவிடும்; எண்கள் மட்டும் புழு மாதிரி நெளிந்தன. கண்ணாடி போட்டால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். அவருக்கு முன்னால் இருந்த டிரேசர் கண்ணாடி போட்ட மூன்றாம் மாதம் பேக்கிங் பகுதிக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. கோடு போடுகிறவனுக்குக் கண் போனால் அவ்வளவுதான் என்று அப்பா தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, அம்மாவைக் கூட்டு சேர்த்துக்கொண்டுவிட்டார்.

"அந்தப் பழைய டிரேசரு ஷிப்ட்டு ஒத்துவரலன்னு அவராவே கேட்டு வாங்கிக்கினு போனாராம்டி!" என்று அப்பா தொடையில் தட்டிக்கொண்டார். மேனேஜரே சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர். அதைக் கழற்றி மேஜை மேல் வைத்து, "கண்ணாடி போட்டா வேலைய விட்டுத் தூக்கணும்னா மொதல்ல என்னைத்தான் தூக்கணும்ரீ. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான். இப்பவே போயி டாக்டரப் பாருங்க," என்று அரை நாள் லீவு கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஷீட்டின் பின்பக்கத்தை ரப்பரால் அழித்து வேறு பிரிண்டும் எடுத்தாகிவிட்டது.

எனக்கு உயிர் வந்தது. வேலை போகவில்லை, மாடு இல்லை, புல்லு இல்லை. வெளியே ஓடிப்போய் ஷமீமைக் கட்டிக்கொண்டேன். என் படத்தை மேனேஜரே கொஞ்ச நேரம் பார்த்தாராம் என்றேன். மீதிக் கதையெல்லாம் என் காதில் ஏறவே இல்லை. நான் நன்றாக வரைந்ததால் அப்பா தப்பித்தார், அவ்வளவுதான் எனக்கு எட்டிய அர்த்தம்.

அந்த வாரமே அப்பாவுக்குக் கறுப்பு ஃபிரேம் கண்ணாடி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் இரண்டு தாள்களையும் மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண்களைத் தனக்குத்தானே படித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சமையற்கட்டைக் கழுவிவிட்டு வந்தாள். எண் படிக்க எப்போதும் உட்காருகிற இடத்தில், அப்பா பக்கத்தில், ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு சுவரோரமாக வெறுந்தரையில் படுத்து, முந்தானையைத் தலைக்குச் சுருட்டி வைத்துக்கொண்டவள், அப்படியே தூங்கிப்போனாள். பகலில் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. தண்ணீர் வந்துவிட்டது என்று குழாயடியில் யாரோ கத்தினார்கள், அதற்கும் எழுந்திருக்கவில்லை. வரைய வசதியாக இருக்கிறதே என்று பாதி வரைந்துகொண்டிருந்தவள், பயந்துபோய்ப் பென்சிலைத் தூக்கிவிட்டேன்.

நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

"அப்பா, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லப்பா," என்றேன்.

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், பனியன் ஓரத்தில் துடைத்தார், மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"தூங்கட்டும் விடு," என்றார்.

வீட்டில் அம்மா நோயில் விழுந்து கிடக்கிறாள், இந்த மனிதர் எழுந்து வந்து தொட்டுக்கூடப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அன்று சாயங்காலம் வரை நான் அவரோடு பேசவில்லை.