பன்னிரண்டாம் பக்கத்து ஊர்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். இதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

மலேசியாவில், சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அக்கா பிறந்தார். அப்பாவும் அம்மாவும் விடியும் முன்பே பாலுக்கு மரம் சீவப் போய்விடுவார்கள். எனக்குச் சோறூட்டிவிட்டுத்தான் அவர் பள்ளிக்கு ஓடுவார். பிறகு ஆசிரியரானார், புந்தோங்கில் வீடு வாங்கினார், ஓய்வு பெற்றதும் நம் குடும்ப வரலாற்றை நூலாக்கினார். லயத்து வாழ்க்கை, சடங்கு முறைகள், பிள்ளைகளுக்கான பயிற்சிகள் என்று எவ்வளவோ அதில் உண்டு. ஆனால் எல்லாரும் விரித்து வைத்துக் கொண்டாடியது பன்னிரண்டாம் பக்கத்தின் ஒரே வரியை: தமிழ்நாட்டில் நம் பூர்வீக ஊரின் பெயர்.

"மத்ததெல்லாம் இருக்கட்டும்மா. ஊரு பேரு கெடச்சிருச்சு, அது போதும்லா," என்று ஜெலாப்பாங் சித்தப்பா அழுதேவிட்டார். பேரனுக்கு மூன்று வயதானதும் அந்த ஊர்க் கோயிலில் மொட்டை போடுவதென்று அன்றே முடிவு செய்தார்.

மருத்துவமனையில் கிடந்த கடைசி நாட்களில், நூலுக்காக நம் வீட்டு வரியை மட்டும் பார்த்திருந்த பழைய தோட்டப் பதிவேட்டின் நகல்களை அக்கா கேட்டு வாங்கிப் புரட்டினார். முகம் வெளுத்துப் போனது.

"தம்பி, லயத்துல எத்தன ஜில்லாக்காரங்க இருந்தாங்க! எல்லாருக்கும் ஒரே ஊருதான் போட்டிருக்கு. அது ஆள் கூட்டிக்கிட்டு வந்த கங்காணியோட ஊருடா. சித்தப்பாகிட்ட சொல்லணும். பயமா இருக்குடா."

"நல்லாயிட்டு நீயே சொல்லுக்கா," என்றேன். மறுநாள் அவர் இல்லை.

அந்தப் பயம் அப்படியே என்னிடம் வந்துவிட்டது. சித்தப்பாவின் போன் அடித்தால் எடுப்பதில்லை. அவர் வீட்டு விசேஷங்களுக்கும் போகவில்லை. சொன்னால் மனிதர் உடைந்து போவார். அக்காவின் நூலையே நாலு பேர் குறை சொல்வார்கள். சொல்லாவிட்டால், யாரோ ஒருவரின் சாமி முன்னால் நம் வீட்டுக் குழந்தை உட்காரும். அடுத்த மாதம் அவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பயணம். குடும்பத்தோடு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த புந்தோங் அண்டை வீட்டாருக்கும், பெட்டிக்கு முதலில் தோள் கொடுத்த சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி.

சித்தப்பா, பன்னிரண்டாம் பக்கத்து ஊர் நம்முடையது இல்லை. நம்முடையது எது என்று அக்காவுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. போன் பண்ணுங்கள். இந்த முறை எடுக்கிறேன்.